கப்பலுக்கு அடியில் நின்று பார்த்த வரலாறு

போர்க்கப்பல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சண்டையிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை பீரங்கி, யார் தளபதி, எது மூழ்கியது என்று கதை போகும். சண்டை முடிந்த பிறகு மிஞ்சிய கப்பல்கள் எங்கே போயின, உடைந்த பலகையை யார் மாற்றினார்கள் என்பதெல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும். நான் வேலை பார்த்தது அந்த ஒரு வரிக்குள். பம்பாய் நேவல் டாக்யார்டில் ஷிப்ரைட்டாக, அதாவது கப்பல் தச்சனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் கப்பல்களுக்குக் கீழேதான் இருந்தேன். எந்தக் கப்பலுக்கு என்ன பழுது என்பதை எழுதப்போவதில்லை. அது முறையும் இல்லை. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வற்றவைத்துப் பழுது பார்க்கும் உலர் டாக்கைப் பற்றியும், அதற்குள் நின்றபடி நான் புரிந்துகொண்ட வரலாற்றைப் பற்றியும் எழுதலாம்.

கப்பல் வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே எங்கள் வேலை ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு டாக்கிங் பிளான் உண்டு. அடிப்பாகத்தில் குறுக்குச் சுவர்கள் எங்கே வருகின்றன, கடல்நீரை இழுக்கும் வாய்கள் எங்கே, ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் சோனாரின் குமிழ் எவ்வளவு கீழே தொங்குகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அதன்படி, வற்றிய டாக்கின் தரையில் நடுக்கோடு பிடித்து, கப்பலின் அடி முதுகெலும்பான கீலைத் தாங்கும் கீல் பிளாக்குகளை வரிசையாக வைப்போம். பிளாக்கின் கீழ்ப்பகுதி கான்கிரீட்டாகவோ இரும்பாகவோ இருக்கலாம், மேல்பகுதி மரம். ஏவுகணை தாங்கும் கப்பலும் கடைசியில் மரத்தின் மேல்தான் உட்காருகிறது. பாரம் விழும்போது மரம் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. பிளாக்குகளின் உயரம் சற்றுப் பிசகினால் போதும், மொத்தப் பாரமும் இரண்டு மூன்று பிளாக்குகளில் இறங்கி, கப்பலின் தகடு உள்வாங்கிவிடும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். "தம்பி, கப்பல் வந்தப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. திருத்தணும்னா தண்ணி வர்றதுக்கு முன்னாடியே திருத்திக்க" என்பார். கயிறு கட்டி மட்டம் பார்ப்போம். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்ப்போம். எல்லாம் சரி என்று நான் நினைக்கும் நேரத்தில் அவர் இன்னொரு முறை பார்க்கச் சொல்வார். அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் டாக்கில் தண்ணீர் விடுவார்கள். கேசன் என்கிற மிதக்கும் கதவு விலகும். இழுவைப் படகுகளின் துணையோடு கப்பல் மெல்ல உள்ளே வரும். இரு கரையிலிருந்தும் கயிறு பிடித்து அதை நடுக்கோட்டில் நிறுத்த வேண்டும். கதவை மூடி பம்புகள் ஓடத் தொடங்கிவிட்டால், டாக் ஓரத்தில் நிற்கும் யாரும் தேவையில்லாமல் பேசமாட்டார்கள். கப்பலின் பின்பகுதியைச் சற்று ஆழமாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். அதனால் பின்பக்கம்தான் முதலில் பிளாக்கைத் தொடும். அதிலிருந்து முன்பகுதியும் உட்காரும்வரை உள்ள நேரம்தான் ஆபத்தானது. கப்பலின் எடையில் ஒரு பங்கு மரத்தில், மீதி தண்ணீரில். மிதக்கும் கப்பலை நிமிர்த்தி வைத்திருப்பது தண்ணீர். தண்ணீர் இறங்க இறங்க அந்தப் பிடி தளர்ந்துகொண்டே போகும். கணக்கு தவறினால் ஆயிரக்கணக்கான டன் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அந்தக் காலத்தில் கப்பலின் இரு பக்கமும் முட்டுமரங்களை நிறுத்தி, ஆப்படித்து இறுக்கித்தான் அதைப் பிடித்து வைத்தார்கள். பழைய டாக்குகளின் கல் சுவர்கள் படிக்கட்டு போல இருப்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான். முட்டுமரத்தின் கால் ஊன்ற ஒவ்வொரு உயரத்திலும் ஒரு படி வேண்டும்.

தண்ணீர் வற்றியதும் கீழே இறங்குவோம். கொட்டலசும் பாசியும் அப்பிய அடிப்பாகத்தின் நாற்றத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சுரண்டி, கழுவி, தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்து, தகடு அரிக்காமல் காக்க ஒட்டியிருந்து கரைந்துபோன துத்தநாகக் கட்டிகளை மாற்றி, ஒவ்வொரு வால்வையும் கழற்றிப் பார்த்து என்று வேலை நீளும். கீல் பிளாக் தாங்கும் இடங்களில் மட்டும் பெயிண்ட் அடிக்க முடியாது. அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கப்பல் வரும்போது பிளாக்குகளைத் தள்ளி வைக்க வேண்டும். ஒரு கப்பலின் வாழ்க்கை, அதன் அடியில் விட்டுப்போன இடங்களை நினைவில் வைத்திருக்கும் ஆட்களைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் டாக்யார்டுக்குள்ளேயே 1750இல் கட்டி முடித்த உலர் டாக் ஒன்று இருக்கிறது. ஆசியாவின் முதல் உலர் டாக் என்று சொல்கிறார்கள். நீளம் 209 அடி, அகலம் 47 அடி. 1735-36 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்திலிருந்து லோவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சி தச்சரைச் சில தச்சர்களோடு பம்பாய்க்கு அழைத்து வந்தது. அங்கிருந்து தொடங்கியதுதான் இந்தப் பட்டறை. ஒரு டாக் போதாமல் 1760களில் அதோடு சேர்த்து இன்னும் இரண்டு கட்டினார்கள். பம்பாய்க் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் கப்பலை உள்ளே கொண்டுவந்து, வற்றத்தில் தண்ணீரை வெளியே விட்டுக் கதவை அடைக்கலாம். நீராவிப் பம்பு இல்லாத காலத்தில் பாதி வேலையைக் கடலே செய்து கொடுத்தது.

இந்த டாக்கின் அருமை எனக்குப் புரிந்தது 1782ஆம் ஆண்டுச் சண்டைகளைப் படித்தபோதுதான். நம் கடற்கரையிலேயே நடந்தவை அவை. பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் அந்த ஒரே ஆண்டில் நான்கு முறை மோதினார்கள். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே, செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே. ஐந்தாவது சண்டை 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே. இந்த ஐந்திலும் எந்தத் தரப்பும் எதிரியின் ஒரு போர்க்கப்பலைக்கூடச் சண்டையில் பிடிக்கவோ மூழ்கடிக்கவோ முடியவில்லை. பாய்மரங்கள் முறிந்தன, அடிப்பலகைகள் ஓட்டையாயின, ஆட்கள் செத்தார்கள். ஆனால் கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்து நின்றன. அப்படியானால் யாரால் சீக்கிரம் பழுது பார்க்க முடியும் என்பதுதான் கேள்வி. படைத் தளபதிகளின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. சூஃப்ரென் மாபெரும் கடலோடி. ஆனால் அவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு உலர் டாக் இல்லை. சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரியவற்றில் பொருத்தி, கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுத்தான் அவர் கப்பல்களை ஓடவைத்தார். ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்தார். உலகின் அருமையான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது; ஆனாலும் அங்கே கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்த வசதி இல்லை. சில நாட்கள் கழித்து நடந்த சண்டையில் அவருடைய சொந்தக் கப்பலின் நடுப் பாய்மரமே விழுந்தது.

ஹியூஸுக்கும் சென்னையில் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். ஆளும் சரக்கும் மசூலா படகுகளில் அலை தாண்டி வர வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் அங்கே நிற்கவே முடியாது. ஆனால் அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய், லோவ்ஜியின் வாரிசுகளும் அவர்களுடைய தச்சர்களும் வேலை செய்த டாக்கில் கப்பல்களை ஏற்றினார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். என்னைக் கேட்டால், இந்தக் கடல் யார் கையில் போகும் என்பதைத் தீர்மானித்ததில் அந்தக் கல் படிகளுக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு.

பழுது பார்த்த இடம் பிறகு கட்டும் இடமும் ஆனது. நெப்போலியன் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. மலபார்த் தேக்கோ தாராளமாகக் கிடைத்தது. தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் உளுக்காது. ஓக்கின் புளிப்பு இரும்பு ஆணியை அரிப்பது போலத் தேக்கு அரிக்காது. 1810இல் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா எங்கள் டாக்யார்டின் டங்கன் டாக்கில் 74 பீரங்கிகள் கொண்ட மிண்டன் கப்பலைக் கட்டி மிதக்கவிட்டார். பிரிட்டிஷ் கடற்படையின் அந்த வகைப் பெரிய கப்பல் ஒன்று பிரிட்டனுக்கு வெளியே கட்டப்பட்டது அதுவே முதல் முறை. 1813இல் கார்ன்வாலிஸ், 1815இல் வெல்லஸ்லி, 1824இல் ஆசியா. 1827இல் கிரேக்கக் கரையில் நடந்த நவரினோ சண்டையில் ஆசியாதான் ஆங்கிலேயரின் தலைமைக் கப்பல். வெல்லஸ்லி 1940வரை தேம்ஸ் நதியில் பயிற்சிக் கப்பலாக நின்று, ஜெர்மன் குண்டுவீச்சில்தான் மூழ்கியது. 125 ஆண்டு தாங்கிய தேக்கு!

இந்த இடத்தில் ஒரு ஷிப்ரைட்டாக எனக்குப் பெருமை வருகிறது. கூடவே ஒரு கனமும் வருகிறது. 1842 ஆகஸ்ட் 29 அன்று சீனா தோற்றுக் கையெழுத்துப் போட்ட நான்கிங் ஒப்பந்தம் கார்ன்வாலிஸ் கப்பலின் மேல்தான் நடந்தது. அபின் விற்கும் உரிமைக்காக நடந்த போர் அது. அந்தப் பலகைகளை இழைத்த கை பம்பாய்க் கை. கப்பல் கட்டுகிறவனுக்கு அது எங்கே போகும் என்பதில் சொல்லுரிமை கிடையாது என்பது உண்மை. அதனால் கனம் குறைந்துவிடுவதில்லை.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல். டிரிங்கோமலி என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். அதற்கான வரைபடங்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஜாவா என்ற போர்க்கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற கப்பல் தோற்கடித்தது. கப்பலோடு வரைபடங்களும் போயின. மறுபடி பிரதி எடுத்து அனுப்பி, பார்சி வழக்கப்படி கீலில் வெள்ளி ஆணி அடித்து வேலையைத் தொடங்கி, 1817 அக்டோபர் 12 அன்று மிதக்கவிட்டார்கள். அதற்குள் போரே முடிந்திருந்தது. சண்டைக்குத் தப்பியதாலோ தேக்கினாலோ, அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் நிற்கிறது. மிதக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அது. அதைக் கட்டிய தலைமைத் தச்சரின் பெயர் தெரியும். மரம் அறுத்தவர்கள், பலகை இடுக்கில் பஞ்சு திணித்தவர்கள், செப்புத் தகடு அடித்தவர்கள் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

நீராவியும் இரும்பும் வந்ததும் தேக்குக் கப்பல்களின் காலம் முடிந்தது. அதே குடும்பத்தின் அர்தசீர் கர்செட்ஜி நீராவி எந்திரத்தைக் கற்றுத் தேர்ந்து 1841இல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரான முதல் இந்தியர் ஆனார். ஆனாலும் பெரிய போர்க்கப்பல் ஒன்றை நாமே கட்ட, வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மசகான் டாக்கில் 1968இல் மிதக்கவிட்ட நீலகிரி 1972இல் கடற்படையில் சேர்ந்தது. வடிவமைப்பு ஆங்கிலேயருடையது, கட்டியது நம் ஆட்கள். அதைப் பற்றிப் பேசும்போது பழைய ஆட்களின் குரலே மாறிவிடும். 2022இல் கொச்சியிலிருந்து வந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தோ இங்கேயே வடிவமைத்துக் கட்டியது. எஃகும் உள்நாட்டு எஃகு. பம்பாயில் 2019இல் திறந்த விமானந்தாங்கிக் கப்பல் டாக் 281 மீட்டர் நீளம், 1750ஆம் ஆண்டு டாக்கைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் அப்ரெண்டிஸ் பிள்ளைகளுக்கு மட்டம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது 1782ஆம் ஆண்டுக் கதையையும் சேர்த்தே சொல்வேன். நாகப்பட்டினத்துப் பையன் ஒருவன் ஒருமுறை கேட்டான்: "சார், எங்க ஊர்ல ஒரு டாக் இருந்திருந்தா சூஃப்ரென் ஜெயிச்சிருப்பாரா?" நல்ல கேள்வி. அவன் ஊரில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான் என்று சொன்னேன். அந்த ஏற்றவற்றத்தை நம்பிப் போர்க்கப்பல் ஏறும் அளவுக்கு ஆழமான டாக் வெட்டினால், அதை வற்றவைக்க மொத்தத் தண்ணீரையும் ஆள் பலத்தால் இறைத்தாக வேண்டும். எவ்வளவு தண்ணீர், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று பழைய டாக்கின் அளவை வைத்துக் கணக்குப் போட்டு வரச் சொன்னேன். மறுநாள் போட்டுக்கொண்டு வந்தான், கணக்கும் சரியாகவே இருந்தது.