மருந்து இல்லாத ஐந்து இரவுகள்

மகளுக்கு நான்கு மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காலையில் மூக்கு ஒழுகியது, இரண்டு முறை தும்மினாள். அவள் அப்பாவுக்கு ஒரு வாரமாகவே தடுமன். வீட்டில் ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கு வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் இருமல் சேர்ந்துகொண்டது. அப்போதும் சிரித்தாள், கையைக் காலை உதைத்து விளையாடினாள். அதனால் எனக்குப் பயம் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலையில் பால் கொடுக்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. வாயை வைப்பாள், நான்கு மடக்கு உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். மறுபடி ஆவலாக வாயைக் கொண்டுவருவாள், மறுபடி விட்டுவிடுவாள். பசிக்கிறது, ஆனால் குடிக்க முடியவில்லை. பால் குடிக்கும் நேரத்தில் குழந்தைக்கு மூச்சுவிட மூக்கு ஒன்றுதான் வழி. அந்த வழி அடைத்துக்கொண்டால் பாலா மூச்சா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மகள் மூச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாலுக்காக அழுதாள். அழுதால் இன்னும் மூச்சு வாங்கியது.

தடுப்பூசி போடப் போயிருந்தபோது அங்கே ஒரு சிஸ்டர் மூச்சை எண்ணும் விதத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது அன்று கைகொடுத்தது. விளக்கைப் போட்டு, சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தைகள் ஒரே சீராக மூச்சுவிட மாட்டார்கள், கொஞ்சம் வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். முதல் தடவை 62. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன், 66. அவள் அப்பா எண்ணியபோது 64. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை உள்ள குழந்தைக்கு 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு என்று கணக்கு.

எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்தது. தொண்டைக்குக் கீழே, இரண்டு காறை எலும்பும் சேரும் இடத்திலும் ஒரு சின்னக் குழி. மூக்கின் இரு பக்கமும் விரிந்து விரிந்து அடங்கியது. வழக்கமாக மாலைக்குள் ஐந்தாறு டயபர் மாற்றுகிறவள் நான். அன்று காலையிலிருந்து இரண்டுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வண்டியில் ஏறும்போது கணவரிடம், “முத்தம் கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக நான் பின்னால் மிகவும் வருந்தினேன்.

மருத்துவமனை வாசலில், “குழந்தைக்கு ரொம்ப முடியவில்லை” என்று மட்டும் சொல்லவில்லை. பால் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது, காலையிலிருந்து இரண்டு டயபர்தான் நனைந்தது, நிமிடத்துக்கு 66 மூச்சு என்று மூன்றையும் சொன்னேன். முன்பகுதியில் இருந்த சிஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வரிசையில் உட்கார வைக்காமல் நேரே உள்ளே கூட்டிப்போனார். பெற்றோர் யார் கேட்டாலும் இதைத்தான் நான் முதலில் சொல்கிறேன்: எண்ணிக்கொண்டு போங்கள்.

கால் கட்டைவிரலில் ஒரு பட்டையைச் சுற்றினார்கள். அதற்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம். திரையில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் என்று வந்தது. உடனே மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், 94-க்கு ஏறியது. அந்தச் சிவப்பு விளக்கை ஐந்து இரவும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. விரலில் துடிக்கும் இரத்தத்தில் அந்த வேறுபாட்டை அளந்துதான் எண்ணைச் சொல்கிறது அந்தக் கருவி. 1974-இல் இந்த வழியை உலகுக்குச் சொன்னவர் தகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். அவர் இல்லையென்றால் என் மகளை ஒவ்வொரு தடவையும் குத்தி இரத்தம் எடுத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

ஊசியிலிருந்து அவள் தப்பிக்கவும் இல்லை. அன்று இரவு உடம்பில் நீர் குறையாமல் இருக்க டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. நான்கு மாதக் குழந்தையின் கையில் நரம்பு கிடைப்பது எளிதல்ல. துணியில் இறுகச் சுற்றி, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தார்கள். நாக்கில் இரண்டு சொட்டு இனிப்பு நீர் விட்டார்கள். வலியைக் கொஞ்சம் தணிக்கும் என்றார் சிஸ்டர். வலது புறங்கையில் கிடைக்கவில்லை. இடது கையில் கிடைத்து, வழுக்கிப் போனது. “வெளியே இருக்கிறீர்களா அம்மா? போனால் யாரும் தவறாக நினைக்க மாட்டோம்” என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். என் சுட்டுவிரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன், பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை பாதத்தில் கிடைத்தது. அவள் பிடி தளர்ந்த பிறகுதான் என் விரல் வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்தேன்.

டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, பிராங்கியோலைட்டிஸ் என்றார். நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து போகும் மூச்சுக்குழல்களில் மிகச் சிறியவை வீங்கிச் சளி அடைத்துக்கொள்வது. பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸால் வருகிறது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த வைரஸ் ஒருமுறையாவது தொற்றிவிடும். பெரும்பாலோருக்கு வெறும் சளியாகவே போய்விடும். பெரியவர்களுக்குத் தடுமனோடு நிற்பது இவளை ஏன் இப்படிப் படுத்துகிறது என்று கணவர் கேட்டார். “குழாய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கஷ்டம். விட்டம் பாதியானால் காற்று போவதற்குத் தடை பதினாறு மடங்காகிவிடும்” என்றார் டாக்டர். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மருந்து எப்போது தொடங்குவீர்கள்?” என்று கேட்டேன்.

“இதற்கு மருந்து இல்லை அம்மா.”

என் காதில் விழுந்தது மனதில் ஏறச் சற்று நேரமானது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், இது வைரஸ். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் புகை மருந்தும் ஸ்டீராய்டும் இந்த நோயில் பொதுவாகப் பலன் தருவதில்லை. ஆக்சிஜன், உடம்புக்குப் போதுமான நீர், மூக்கைச் சுத்தமாக வைத்திருப்பது, இவை மூன்றும்தான் சிகிச்சை. மீதியை அவள் உடம்பே செய்ய வேண்டும். “மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூடும், பிறகு இறங்கும். இன்று மூன்றாம் நாள். நாளை இவள் இன்னும் மோசமாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால், நாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்” என்றார்.

மருத்துவமனையில் யார் சொன்னதைவிடவும் எனக்கு உதவியது இந்தப் பேச்சு. இனிமேல்தான் கூடும் என்று முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால், அடுத்த இரண்டு நாளில் நான் உடைந்து போயிருப்பேன், அல்லது வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

சும்மா காத்திருப்பது என்று சொல்கிறார்கள். சும்மா இருக்க நேரமே இல்லை. நான்காம் நாள் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டார்கள். வாயால் குடித்தால் களைத்துப் போகிறாள், அந்தச் சக்தியை மூச்சுக்கு மிச்சப்படுத்தலாம் என்றார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நான் பம்பில் பால் எடுத்தேன். குழந்தை வாய் வைக்காத நாட்களில் பால் வற்றிவிடக் கூடாது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் அலாரம் வைத்து எழுந்தேன்.

குழாயில் பால் விடும்போது என்னைச் சிரிஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். முதலில் வயிற்றிலிருந்து ஒரு துளி இழுத்து, நிறம் மாறும் தாளில் வைத்துப் பார்ப்பார். குழாயின் நுனி வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே பால். சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, பாலை ஊற்றி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உயர்த்தினால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாகும். அழுத்திவிடக் கூடாது. என் மார்பில் சாய்ந்து அவள் தூங்க, என் தலைக்கு மேலே ஒரு கையில் பால் கோடு கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 60 மில்லி இறங்க இருபது நிமிடம். அவளுக்கு நான் பசியாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்ற நிம்மதி அந்த இருபது நிமிடத்தில் மட்டும் கிடைத்தது.

ஐந்தாம் நாள் இரவு டாக்டர் சொன்னபடியே கூடியது. சாதாரண ஆக்சிஜன் போதாமல், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி வேகமாக அனுப்பும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தலை முன்னும் பின்னும் ஆடியது. அழக்கூட இல்லை, அதுதான் என்னைக் கலங்கடித்தது. மானிட்டர் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. எண் 91, 90, 89 என்று இறங்கும், நான் கதவுக்கு ஓடுவேன். சிஸ்டர் வந்தால் திரையை நிமிர்ந்து பார்க்காமல் முதலில் குழந்தையின் நிறத்தைப் பார்ப்பார், நெஞ்சைப் பார்ப்பார், பிறகு கால் பட்டையைச் சரிசெய்வார். காலை உதைத்தாலே எண் குழம்பிவிடுமாம். நான்காவது முறை வந்தபோது நாற்காலியைப் பிடித்துத் திருப்பிப் போட்டார். “மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள் அம்மா. அதைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம். நீங்கள் பாப்பாவைப் பாருங்கள்.”

திரும்பி உட்கார்ந்தேன். விடியும்வரை அவள் காதோரம் வாயை வைத்து, எனக்குத் தெரிந்த தாலாட்டின் முதல் நான்கு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடினேன். மீதி வரிகள் நினைவுக்கு வரவில்லை.

போன் செய்தவர்களில் பாதிப்பேர், “ஆன்டிபயாடிக் கூடவா கொடுக்கவில்லை?” என்று கேட்டார்கள். அன்பால்தான் கேட்டார்கள், தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லும் பலம் எனக்கு இல்லை. பிறகு அண்ணியிடம் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் அவரே பதில் சொன்னார். ஒரு தோழி எதுவும் கேட்காமல் வந்து, முன்பக்கம் திறக்கும் இரண்டு சட்டையும் சார்ஜரும் வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் கிளம்பிப் போனாள். அவளை நான் மறக்க மாட்டேன்.

ஆறாம் நாள் காலை மூச்சு 52. மதியம் 48. யாரும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை, தானாகவே இறங்கத் தொடங்கியது. அன்று இரவு கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “என்னால்தானே வந்தது” என்றார் மெதுவாக. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் சொன்னதை மனதில் வைக்காதீர்கள் என்றேன். பிறகு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். மகள் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் நான் தூங்கியதே இல்லை.

ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, சளியை உறிஞ்சி எடுத்து, கால் மணி நேரம் கழித்து மார்பில் போட்டேன். உறிஞ்சினாள், நிறுத்தினாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி உறிஞ்சினாள். நடுவில் மூச்சு வாங்கவில்லை. ஆக்சிஜன் இல்லாமலே ஓர் இரவு முழுக்கத் தூங்கி எழுந்ததும், எட்டாம் நாள் காலை டிஸ்சார்ஜ் செய்தார்கள்.

கிளம்பும்போது டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். மறுபடி வருமா? வரலாம், ஆனால் வளர வளரக் குழாயும் பெரிதாகும் என்றார். தடுக்க முடியாதா? கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் எதிர்ப்புப்பொருள் ஊசியும் 2023 வாக்கில் சில நாடுகளில் ஒப்புதல் பெற்றிருக்கின்றன, அடுத்த குழந்தை என்றால் முன்கூட்டியே கேளுங்கள் என்றார். அதுவரை கையைக் கழுவுவதும், தடுமன் உள்ளவர்கள் குழந்தையின் முகத்தருகே போகாமல் இருப்பதும்தான். வீட்டில் புகைபிடிக்கிறவர்கள் யாராவது உண்டா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்ல முடிந்ததில் எனக்கு ஆறுதல்.

இருமல் மூன்று வாரம்கூட இருக்கும், அதற்காக ஓடி வராதீர்கள். பால் பாதியாகக் குறைந்தால், விலா குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு நின்று நின்று வந்தால் உடனே வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தத் தாளைத் தொட்டிலுக்கு மேலே ஒட்டினேன். பகலில் மூன்று முறை, இரவில் இரண்டு முறை சட்டையைத் தூக்கி எண்ணினேன். 44, 40, 42, 38. ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இருமல் குறைந்தபாடில்லை, இரவில் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பத்தொன்பதாம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் படுத்துத் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தாள், பட்டை சுற்றியிருந்த அதே விரல். காலையிலிருந்து அவள் ஒருமுறைகூட இருமவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.