தலை தொங்கும் குருத்து

கத்தரியில் புழுவால் வரும் நட்டத்தைக் காய் பறிக்கும் நாளில்தான் எண்ணுகிறோம். கூடையில் பாதி சொத்தை என்று தெரியும்போது, தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்ற அந்தப் புழு தோட்டத்துக்குள் வந்து பல வாரம் ஆகியிருக்கும்.

பிஞ்சு பிடிக்கும் முன்பே அது நுனிக்குருத்தைத் துளைக்கும். தண்ணீர் போதாத செடி முழுக்கத் துவண்டு, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். புழு விழுந்த செடியிலோ ஒரு குருத்து மட்டும் தொங்கும், விடியற்காலையிலும் நிமிராது. ஆகவே காலையில் சுற்றிப் பார்ப்பதே சரி. வாடிய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கிள்ளி, பையில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். வரப்பில் வீசினால் புழுவுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை இதைச் செய்ய ஆள் கூலி ஆகும். பலர் விட்டுவிடுவது இங்கேதான்.

முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்தில் காய்க்குள் புகுந்து, துளையை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். அந்தச் சிறு துளை பெரும்பாலும் காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பிக்கு அடியில் இருக்கும். கண்ணில் படும் பெரிய வட்ட ஓட்டை, புழு வெளியேறிய வழி. அதைப் பார்த்து மருந்தடிக்கும் நேரத்தில் அந்தப் புழு கீழே சருகில் கூட்டுப்புழுவாகியிருக்கும்! வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பருவத்தில் தலைமுறை சீக்கிரம் முடியும். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி எல்லாம் ஒரே வயலில் இருக்கும். ஒரு தெளிப்பு எல்லாவற்றையும் தொடாது.

வாரம் இருமுறை பறிக்கும் பயிரில், மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாள்களுக்கு இடமே இருப்பதில்லை. பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிமருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் பெருகும். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வெயில் அதன் வீரியத்தைக் குறைக்கும். உள்ளே போன புழுவை இதுவும் எட்டாது.

பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைச் செடி வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும். அதில் விழுவது ஆண் அந்து மட்டும். பக்கத்து வயலில் இணைசேர்ந்து வரும் பெண்ணை அது தடுக்காது.

பருவம் முடிந்து பிடுங்கிய செடிகளை விறகுக்கென்று அடுக்கி வைப்பதுதான் பெரிய பிழை. அந்தக் காய்ந்த தண்டிலும் சருகிலும் கூட்டுப்புழு இருக்கும். அதன் பக்கத்திலேயே அடுத்த நாற்றங்காலும் போடுகிறோம்.