எர்லிக்கியா நாய்க்கு மஜ்ஜைப் பரிசோதனை: ஊசிக்கு முன்னும் பின்னும்

எர்லிக்கியா என்பது உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியாத் தொற்று. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் மட்டும் குறைந்த நாய்க்கு எலும்பு மஜ்ஜை எடுக்கச் சொல்வது அபூர்வம். மருந்து உள்ளே போயும் வெள்ளையணு, சிவப்பணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து இறங்கினால்தான் அந்தப் பேச்சே வரும். மீட்கப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் எங்களுக்கு இது பழகிய வழி. சிங்கப்பூருக்கும் புதிதல்ல: 1960களில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களைத் தாக்கியது இதே நோய்தான்.

முதலில் ரத்தம். குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைத்தே எண்ணும். அதனால் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். கிளினிக்கில் போடும் உடனடிக் கிட் காட்டுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை. நோய் போன பின்னும் மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே வரும். எர்லிக்கியா கேனிஸ் (இந்நோயின் பாக்டீரியா), பேபீசியா கிப்சோனி (சிவப்பணுவைத் தாக்கும் ஒட்டுண்ணி) இரண்டுக்கும், கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் எடுப்பது நல்லது. பேபீசியாவும் கூட இருந்தால், எர்லிக்கியாவுக்கான ஆன்டிபயாட்டிக் டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்து அதை ஒழிக்க முடியாது.

மஜ்ஜையை முன்னங்கால் மேல் எலும்பின் தோள் முனையிலோ இடுப்பெலும்பு விளிம்பிலோ எடுப்பார்கள். பிளேட்லெட் குறைவு இதற்குத் தடையில்லை. எடுத்த இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் போதும். சிரிஞ்சில் சிவப்பு தெரிந்ததும் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். அரை மில்லிக்கு மேல் போனால் வருவது பெரும்பாலும் ரத்தம்தான். எடுத்ததைச் சில்லில் விட்டுச் சாய்த்தால் ரத்தம் வழிந்தோடும், கொழுப்பு மினுக்கத்தோடு சிறு துணுக்குகள் ஒட்டி நிற்கும். அவைதான் மஜ்ஜை. உறைவதற்குள், நொடிகளில் தடவியாக வேண்டும்.

இழுத்தும் ஒன்றும் வராவிட்டால் ஊசி இடம் மாறியிருக்கலாம், அல்லது மஜ்ஜையே காலியாகவோ நாராகவோ மாறியிருக்கலாம். அப்போது ஜம்ஷிடி என்ற தடித்த ஊசியால் சிறு தண்டாக எடுத்து ஃபார்மலினில் போடுவார்கள். அந்தப் புட்டியும் சில்லுகளும் ஒரே பையில் ஆய்வகத்துக்குப் போகக்கூடாது. ஃபார்மலின் ஆவி பட்ட சில்லில் சாயம் சரியாக ஏறாது, எடுத்ததெல்லாம் வீண். அன்றே எடுத்த முழு ரத்த எண்ணிக்கையையும் கூட அனுப்பச் சொல்லுங்கள். அது இல்லாமல் மஜ்ஜையைப் படிப்பது அரைகுறைதான்.

அறிக்கையில் பார்க்க வேண்டியது அணுக்களின் அடர்த்தி. தொற்றின் ஆரம்பக் கட்டத்தில் மஜ்ஜை நெருக்கமாக இருக்கும், பிளேட்லெட்டை உருவாக்கும் மெகாகேரியோசைட்டுகள் ஏராளம். பட்டறை ஓடுகிறது, சரக்கு வெளியே அழிகிறது. நாள்பட்ட கட்டத்தில் நேரெதிர்: மூன்று வரிசையும் மெலிந்து, அந்த இடத்தில் கொழுப்பு. மிஞ்சியிருப்பதில், ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள் அதிகம். ரத்தத்தில் குளோபுலின் புரதமும் ஏறியிருந்தால், பிளாஸ்மா அணுக்களின் புற்றுநோயான மைலோமா போலவே தெரியும். கீமோ பேச்சு எழுந்தால், எர்லிக்கியா இல்லை என்பது உறுதியாகும் வரை பொறுங்கள்.

டாக்சிசைக்ளின் கிலோவுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். 15 கிலோ நாய்க்குக் காலை 75, மாலை 75. சாப்பாட்டோடு கொடுங்கள், இரும்பு டானிக்கை அதே வேளையில் வேண்டாம். ஆரம்பக் கட்டம் என்றால் ஓரிரு நாளில் காய்ச்சல் தணிந்து நாய் தட்டைத் தேடும். மஜ்ஜை காய்ந்த நாய்க்கு மாதங்கள் ஆகலாம். சில நாய்கள் மீள்வதே இல்லை. அவற்றுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வரும். வெள்ளையணு ஏறும் வரை நாய்கள் கூடி விளையாடும் டாக் ரன் பக்கமே போகாதீர்கள். உடம்பு சூடு 39.5 டிகிரியைத் தொட்டால் அன்றே கிளினிக்.

இந்நோயைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்: சுவர் விரிசல், கதவு நிலை, செருப்பு அலமாரியின் அடிப்பக்கம். இங்கே குளிர்காலம் இல்லாததால் உண்ணி மாத்திரையை ஒரு மாதம்கூட நிறுத்தக்கூடாது. டாக்சிசைக்ளின் முடிந்து இரண்டு வாரம் கழித்து பிசிஆர், ஒரு மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் பிளேட்லெட் எண்ணிக்கை.