நடந்தால் திரும்பும் ஓவியம்: லண்டனில் பேட்ரிக் ஹியூஸ்

கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்திலிருந்து யூஸ்டன் ரோட்டில் மேற்கே சில நிமிடம் நடந்தால் பிரிட்டிஷ் நூலகம் வந்துவிடும். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வாசிப்பு அறைகளுக்குத்தான் அட்டை வேண்டும். லாக்கர்கள் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால், பேட்ரிக் ஹியூஸ் 1996-ல் வரைந்த 'பாராடாக்ஸிமோரான்' இருக்கும். காணவில்லையென்றால் தகவல் மேசையில் கேளுங்கள்.

நேராக நின்று பார்த்தால் அது புத்தக அலமாரிகளின் ஓவியம், அவ்வளவுதான். பலர் அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்று, கண்ணை ஓவியத்திலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் மெதுவாக நடங்கள். அலமாரிகள் மொத்தமும் உங்களோடு சேர்ந்து திரும்பும். உட்கார்ந்து எழுந்தால் மேலும் கீழும் அசையும்.

இது தட்டையான பலகை அல்ல. நுனி வெட்டப்பட்ட பிரமிடுகள் வரிசையாக நம்மை நோக்கிப் புடைத்து நிற்கின்றன. நமக்கு மிக அருகில் இருக்கும் முகப்பில் காட்சியின் மிகத் தொலைவான பகுதி வரையப்பட்டிருக்கிறது. பிரமிடுகள் சேரும் பள்ளத்தில் அலமாரிகளின் முன்விளிம்புகள். நிஜ அறையில் நாம் வலப்பக்கம் நகர்ந்தால், கிட்டத்துப் பொருளைவிடத் தூரத்துப் பொருள் வலப்பக்கம் நகர்வதாகத் தெரியும். இங்கே 'தூரம்' என வரைந்தது உண்மையில் முன்னால் இருப்பதால் இடப்பக்கம் போகிறது. வரைந்த தூரத்தை நம்பும் மூளைக்கு இந்த முரணைத் தீர்க்க ஒரே வழி, காட்சியே திரும்புகிறது என்று முடிவு கட்டுவதுதான்.

ரொம்பக் கிட்டே போனால் மாயம் கலைந்துவிடும். இரண்டு கண்களும் பார்க்கும் பிம்பங்களுக்கு இடையிலான வேறுபாடு கூடி, புடைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது ஒரு கண்ணை மூடுங்கள்; பள்ளமும் மேடும் மறுபடி இடம் மாறும். ஓரத்துக்கு அதிகமாகப் போனாலும் பிரமிடின் ஒரு பக்கம் மறைந்து குட்டு வெளிப்படும். புகைப்படத்தில் இந்த வித்தை சுத்தமாகச் செத்துப்போகிறது. வீடியோதான் எடுக்க வேண்டும், அதுவும் நின்ற இடத்தில் கேமராவைத் திருப்பாமல், நீங்களே நகர்ந்தபடி.

ஹியூஸ் 1939-ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். முதல் தனிக் கண்காட்சி 1961-ல் லண்டனில் நடந்தது. இந்த முறையில் முதல் படைப்பான 'ஸ்டிக்கிங் அவுட் ரூம்' 1964-ஐச் சேர்ந்தது. வியப்பான விஷயம், அந்தக் கண்டுபிடிப்பை அவர் உடனே தொடரவில்லை. எழுபதுகளில் அவரைப் பரவலாகத் தெரியவைத்தவை வானவில் ஓவியங்கள். வானவில்லைத் தொட்டுப் பிடிக்கக்கூடிய கெட்டிப் பொருளாக வரைந்தார், அச்சுப்படங்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் அவை பரவின. முரணுரை, சிலேடை பற்றியெல்லாம் நூல்கள் எழுதினார். புடைப்பு ஓவியத்துக்கு முழுமூச்சாகத் திரும்பியது சுமார் கால் நூற்றாண்டு கழித்துத்தான். அந்த இடைவெளி வீண் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது: 1964-ல் ஓர் அறையாக இருந்தது, பிறகு நூலகமாக, வெனிஸ் கால்வாயாக, ஓவியக்கூடமாக விரிந்தது. பார்வை அறிவியலாளர் நிக்கோலஸ் வேடுடன் சேர்ந்து 1999-ல் ஆய்வுக் கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

டேட் அருங்காட்சியகத்திலும் அவர் படைப்புகள் உண்டு. ஆனால் எப்போதும் காட்சியில் இருக்காது. கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.