சென்டன்ஸ் கரெக்‌ஷன் படிச்ச கதை: சின்ன ஆப்ஷன் எப்பவும் சரி இல்ல

எம்பிஏ சேர எழுதுற ஜிமேட் தேர்வுல இப்ப சென்டன்ஸ் கரெக்‌ஷனே, அதாவது அடிக்கோடு போட்ட பகுதியை எப்படி எழுதினா சரின்னு ஆப்ஷன்ல இருந்து எடுக்குற கேள்வியே கிடையாது, 2023 நவம்பர்ல வந்த ஃபோகஸ் எடிஷன்ல அதைத் தூக்கிட்டாங்க, பழைய பேட்டர்ன் 2024 ஜனவரி 31ஓட முடிஞ்சு போச்சு. அந்தப் பழைய பேட்டர்ன்ல கடைசியா எழுதுன கூட்டத்துல நானும் ஒருத்தன். அப்புறம் எதுக்குடா இதை இப்ப எழுதுறேன்னு கேப்பீங்க. எஸ்எஸ்சி, பேங்க் பிஓ, சிடிஎஸ், எஸ்ஏடினு எந்தத் தேர்வைத் தொட்டாலும் இதே சரக்கு வேற வேற பேர்ல வருது, ஆனா எங்க காரைக்குடி பக்கம் படிக்கிற பசங்க நோட்ஸ வாங்கிப் பார்த்தா "பேரலலிசம்னா எல்லாமே ஐஎன்ஜில முடியணும்", "சந்தேகமா இருந்தா சின்ன ஆப்ஷனைப் போடு" இந்த ரெண்டு வரிதான் இருக்கு. ரெண்டுமே அரைகுறை. பேரலலிசம்னா லிஸ்ட்டா வர்ற துண்டுங்க எல்லாம் ஒரே வடிவத்துல இருக்கணும்ங்கறதுதான்.

வேலை சென்னைல, அப்போ வொர்க் ஃப்ரம் ஹோம்ங்கறதால பள்ளத்தூர் வீட்டுலதான் இருந்தேன். ராத்திரி ஆபீஸ் கால் எல்லாம் முடிஞ்சதும் வளவுல தூண்ல சாஞ்சு உக்காந்து படிப்பேன், அப்பத்தா பக்கத்துல வெத்தலை போட்டுக்கிட்டே "ஒரே வரியை எத்தனை வாட்டிடா படிப்ப"ன்னு கேக்கும். அந்த டெஸ்ட் அப்படித்தான். வெர்பல்ல, அதாவது இங்கிலீஷ் பகுதில, 36 கேள்வி, 65 நிமிஷம், போன கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. அதுலயே நீளமான பாசேஜ் எல்லாம் இருக்கறதால சென்டன்ஸ் கரெக்‌ஷனுக்கு ஒண்ணேகால் நிமிஷத்துக்கு மேல குடுத்தா பின்னாடி மூச்சு வாங்கும். அஞ்சு ஆப்ஷன், ஏ எப்பவுமே கேள்வில இருக்கற அதே வரிதான், அதனால ஏ-வைத் திரும்பப் படிக்கவே கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டேன்.

பேரலலிசத்துக்கு எனக்கு கை குடுத்த வழி, முதல்ல "அண்ட்" எங்க இருக்குன்னு தேடறது. அதுக்கு வலது பக்கம் என்ன இருக்கோ அதைப் பிடிச்சுக்கிட்டு இடது பக்கமா திரும்பி வரணும். ஏன் வலது பக்கம்னா, பல நேரம் அந்தக் கடைசி துண்டுக்கு அடிக்கோடு இருக்காது, அதை நம்மளால மாத்தவே முடியாது, அப்ப மத்ததெல்லாம்தான் அதுக்கு ஏத்த மாதிரி வரணும். "த கோச் டோல்ட் த ப்ளேயர்ஸ் டு ஸ்லீப் வெல், ஈட் லைட் அண்ட் தட் தே ஷுட் ட்ரிங்க் வாட்டர்" இந்த வரியைப் பாருங்க, இதுல அந்தக் கடைசி துண்டேதான் ஒட்டாம நிக்குது. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான் இது, ஊரு பேரு தொகைன்னு எல்லா வரியும் ஒரே வரிசையில போயிட்டு இருக்கும்போது நடுவுல ஒருத்தர் "மேலத்தெரு பெரியவரு வந்து குடுத்துட்டுப் போனாரு"ன்னு எழுதி வச்சா கூட்டிப் பாக்குறவருக்கு எப்படி இருக்கும். டு-க்கு அப்புறம் ஸ்லீப், ஈட், ட்ரிங்க், அவ்வளவுதான்.

இது வரைக்கும் ஈஸி. இதுக்கு மேலதான் கோச்சிங் நோட்ஸ் காலை வாரும். "த பேங்க் கட் ஸ்டாஃப் அண்ட் ரெய்ஸ்ட் ஃபீஸ், மேக்கிங் கஸ்டமர்ஸ் ஆங்ரி"ன்னு ஒரு வரி வச்சுக்கோங்க. கட், ரெய்ஸ்ட்னு வந்துட்டு கடைசில மேக்கிங்னு இருக்கே, இது பேரலல் இல்லையேன்னு பாதி பேரு "கட் ஸ்டாஃப், ரெய்ஸ்ட் ஃபீஸ் அண்ட் மேட் கஸ்டமர்ஸ் ஆங்ரி"ங்கற ஆப்ஷனை அமுக்கிருவாங்க. கிராமர்படி அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அப்ப பேங்க் தனித்தனியா மூணு வேலை செஞ்சதா ஆயிரும், ஆளைக் குறைச்சு ஃபீஸை ஏத்துனதாலதான் கஸ்டமருக்குக் கோவம் வந்துச்சுங்கற சங்கதி காணாமப் போயிரும். இந்த இடத்துல மேக்கிங் அந்த லிஸ்ட்லயே சேராது, முன்னாடி சொன்ன ரெண்டோட விளைவு அது. எது எது ஒரே தட்டுல இருக்குன்னு அர்த்தத்தை வச்சு முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் வார்த்தையோட வால் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், வாலை மட்டும் பார்த்து ஓட்டுனா மாட்டிக்குவோம்.

ஜோடியா வர்ற வார்த்தைங்க இதை விட சுலபம்னே சொல்லலாம். நாட் ஒன்லி – பட் ஆல்சோ, ஐதர் – ஆர், போத் – அண்ட், இதுல ரெண்டுக்கும் அடுத்து என்ன வருதுன்னு மட்டும் விரலை வச்சுப் பாருங்க. "ஹீ நாட் ஒன்லி பாட் த ஹவுஸ் பட் ஆல்சோ த லேண்ட்"னு இருந்தா முதல்ல வினை, ரெண்டாவதுல பொருள், ஒட்டாது. பாட்-ஐ முன்னாடி இழுத்து "ஹீ பாட் நாட் ஒன்லி த ஹவுஸ் பட் ஆல்சோ த லேண்ட்"னு போட்டா ரெண்டு பக்கமும் பொருள், முடிஞ்சுது.

இப்ப சுருக்கம். இதுல உபயோகமானது என்னன்னா சொன்னதையே சொல்றதைக் கண்டுபிடிக்கிறதுதான். "ரிட்டர்ன் பேக்", "ஆனுவலி எவ்ரி இயர்", "த ரீசன் இஸ் பிகாஸ்", "மே பாஸிப்ளி", "கேன் பி ஏபிள் டு", நம்ம ஆபீஸ் மெயில்ல தினம் பத்து வாட்டி பாக்குற சமாச்சாரம் எல்லாம் அங்க தப்பு. நம்ம காதுக்கு இதெல்லாம் பழகிப் போனதால உறுத்தவே உறுத்தாது, அதனால ஒரு பழைய டைரில தனியா எழுதி வச்சுக்கிட்டு பஸ்ல போகும்போது புரட்டுவேன்.

ஆனா சின்னது ஜெயிக்கும்னு கண்ணை மூடிட்டு நம்பிராதீங்க. "த ரெயின்ஃபால் இன் காரைக்குடி இஸ் லோயர் தேன் கொடைக்கானல்" சின்னதா அழகா இருக்கு, ஆனா மழையைக் கொண்டு போய் மலையோட ஒப்பிடுது. "தேன் தட் இன் கொடைக்கானல்"னு ரெண்டு வார்த்தை கூடப் போட்டாத்தான் மழைக்கு மழை. இதே மாதிரி "த ஓனர் செட் தட் த ஷாப் வாஸ் லாஸிங் மணி அண்ட் த ஸ்டாஃப் ஹேட் லெஃப்ட்"னு ஒரு வரி. ஸ்டாஃப் போயிட்டாங்கன்னு சொன்னது ஓனரா இல்ல இதை எழுதுனவரா? அண்ட்-க்கு அப்புறம் இன்னொரு தட் போட்டா சந்தேகமே இல்ல, ரெண்டும் ஓனர் சொன்னதுதான். கேள்வி எடுக்குறவங்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், நாம சின்னதைத் தேடி ஓடுவோம்னு அவங்களுக்குத் தெரியும். அதனால கிராமர், அர்த்தம், பேரலலிசம் மூணுலயும் தேறின ரெண்டு ஆப்ஷன் மிச்சம் இருந்தா மட்டும்தான் நீளத்தைப் பாப்பேன், அந்த நிலைமை நெனைக்கிற அளவுக்கு அடிக்கடி வரவும் வராது.

பிராக்டிஸுக்கு எக்ஸாம் நடத்துறவங்களே வெளியிட்ட பழைய கேள்விங்க மட்டும்தான், நெட்ல சும்மா கிடைக்கிறதுல பாதிக்கு ஆன்சர் கீயே தகராறு. சரியான ஆன்சரை டிக் அடிச்சுட்டுப் போகாம மத்த நாலும் ஏன் தப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் தமிழ்லயே ஒரு வரி எழுதுவேன். ரொம்ப மெதுவாத்தான் போகும், கடுப்பா இருக்கும், ஆனா ஸ்கோர் நகர ஆரம்பிச்சது அப்புறம்தான்.

டெஸ்ட் சென்னைல, விடிகாலைப் பல்லவன் ரயில்ல போய் சித்தப்பா வீட்டுல தங்கி மறுநாள் எழுதினேன். ஒரு வழவழ நோட்பேடும் மார்க்கரும் குடுப்பாங்க, அதுல ஏ பி சி டி இ போட்டு அடிச்சுக்கிட்டே வந்தேன். வெர்பல் நெனைச்சதை விட நல்லாவே வந்துச்சு, கணக்குப் பகுதியான குவான்ட் பத்தி பேச வேணாம்.

இப்ப சித்தப்பா மக எஸ்எஸ்சி சிஜிஎல் படிக்கிறா. டயர் ஒண்ணுல, அதாவது முதல் கட்டத் தேர்வுல, இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க், தப்பா போட்டா 0.50 போயிரும். "அண்ணே, உங்க முறை இதுக்கு ஒத்து வருமா"ன்னு கேட்டா. அண்ட் பார்க்கிறது, ஜோடி வார்த்தை பார்க்கிறது, மழைக்கு மழையான்னு பார்க்கிறது எல்லாம் அப்படியே வரும். ஒரு வித்தியாசம், இங்க வரியெல்லாம் சின்னது, அர்த்தத்துல விளையாட்டுக் கம்மி, "சுபீரியர் டு", "ப்ரிஃபர் டு" மாதிரி எதோட எது சேரும்ங்கறதுதான் அதிகம், அதுக்கு லாஜிக் எதுவும் உதவாது, மனப்பாடம்தான். அப்புறம் "நோ இம்ப்ரூவ்மென்ட்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பசங்க பயந்துக்கிட்டு அதைத் தொடவே மாட்டாங்க. வரியில குத்தம் சொல்ல ஒண்ணும் கிடைக்கலைன்னா தைரியமா அதையே போடுன்னு சொல்லியிருக்கேன்.