ஓட்டல் அடுப்பிலிருந்து வீட்டு அடுப்புக்கு

சென்னையில் ஓட்டலிலும் கல்யாண கான்ட்ராக்டிலும் கைதேர்ந்த மாஸ்டர்கள் சிலர் இப்போது ஒரே குடும்பத்துக்கு முழுநேரச் சமையல்காரராகப் போகிறார்கள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாத ஆள்கூடச் சில மாதத்தில் வெளியே வந்துவிடுகிறார். ஓட்டலில் சாப்பிட வருபவர் மாறுவார், சாம்பார் மாறாது. வீட்டில் அதே நாலு பேர், தினமும் மூன்று வேளை. இதற்கு வேண்டிய குணமே வேறு.

என்னைக் கேட்டால், முதல் குணம் தன் நாக்கை ஒதுக்கி வைப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் புதிதாக எதையும் செய்து காட்ட வேண்டாம். அந்த வீட்டில் ரசம் எப்படி, புளி எவ்வளவு, பெருங்காயம் கட்டியா தூளா என்று கேட்டு, அப்படியே வைத்துப் பழகுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் பாத்திரங்களைப் பாருங்கள். வாயால் ‘நல்லா இருந்துச்சு’ என்பார்கள். மிச்சம் வேறு சொல்லும்.

அளவில்தான் ஓட்டல் கை அதிகம் தடுமாறும். ஐம்பது பேர் குழம்பை நாலு பேருக்கு வகுத்துப் போட்டால் சரியாக வராது. சின்னப் பாத்திரத்தில், இருக்கும் அளவுக்கு நீர் சீக்கிரம் சுண்டும். கடைசியில் உப்பும் புளியும் ஏறி நிற்கும். நைவேத்தியத்துக்கு முன் யாரும் வாயில் வைக்கக் கூடாத வீடுகளும் உண்டு. அங்கே ருசி பார்க்காமலே உப்பு சரியாக விழ வேண்டும். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்பு அதே கரண்டியில் எடை குறையும், பருமனுக்கு ஏற்ப மாறும். கல்லுப்பிலிருந்து தூளுப்புக்கு மாறிய அன்று குழம்பு கரித்தால் காரணம் இதுதான். சின்ன எடைத்தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல.

அடுத்தது நோட்டுப் புத்தகம். யாருக்கு எது ஆகாது, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அமாவாசைக்கு வெங்காயம் பூண்டு உண்டா, புரட்டாசியில் மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாதா, சனிக்கிழமை மட்டுமா, திதிச் சமையலில் மிளகாய்க்குப் பதில் மிளகுதானா என்று எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். சௌகார்பேட்டை ஜைன வீடு என்றால் உருளை, கேரட், பீட்ரூட் போன்ற கிழங்குகள் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாதவர்கள் இருந்தால், இரவுச் சாப்பாடு மாலையிலேயே தயாராக வேண்டும்.

மருந்து விஷயத்தில் அரைகுறைக் கெட்டிக்காரத்தனம் ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு ‘கீரை நல்லது’ என்று திடீரென்று தினமும் போட்டால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். அடியோடு நிறுத்தினாலும் கெடுதல். வாரா வாரம் ஒரே அளவாகப் போக வேண்டும். ரத்த அழுத்தம் என்று சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறார்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு உண்டு, சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆகாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் கூட்டுப் பெருங்காயத்தின் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் மைதா கலந்திருக்கும். தானாக முடிவெடுக்காமல், வீட்டாரிடம் சொல்லி டாக்டரிடம் கேட்கச் சொல்பவரே நல்ல சமையல்காரர்.

சுத்தத்தில் ஓட்டல்காரர்கள் பலர் உஷார்தான். ஆனால் மத்தியான சாதத்தை ராத்திரிவரை மேடையிலேயே விடும் பழக்கம் வீட்டில் தொற்றிக்கொள்ளும். வெந்த சாதத்திலும் பாசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிஞ்சியதைத் தட்டில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

தினசரி மெனுவில் அலுப்பு தட்டாமல் பார்ப்பது தனிக் கலை. பத்து நாளைக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் அதே குழம்பு அடுத்தடுத்து வராது. சாம்பாரில் பருப்பு இருக்கும்போது பக்கத்தில் பருப்பு போட்ட கூட்டு வேண்டாம், வறுவலோ பொரியலோ போதும். மோர்க்குழம்பு வைத்த அன்று பருப்பு உசிலி. அந்த ஜோடிக்கு மாற்று தேட வேண்டியதில்லை. இதைத் திட்டமிடத் தெரிந்தவருக்கு மளிகை லிஸ்ட்டும் தானாகவே ஒழுங்காக வரும். துவரம் பருப்பை மொத்தமாக வாங்கிக் குவித்தால் பழசாகி, எத்தனை விசில் விட்டாலும் மசியாது.

வாயடக்கம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சமையலறையில் காதில் விழுவது சமையலறையோடு போக வேண்டும். வீட்டு விருந்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, பழைய முதலாளி வீட்டுக் கதையைப் புது வீட்டில் பேசுவது, இரண்டும் வேலையைத் தின்றுவிடும். கடைக்காரரிடம் கமிஷன் வாங்குவதும் அப்படியே. பில்லை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். பில் தராத காய்கறிக்காரர் என்றால் எடையும் விலையும் எழுதி வையுங்கள்.

லீவு கேட்கும்போது இரண்டு நாள் முன்பே சொல்லி, தோசை மாவு, பொடி வகைகள், புளிக்காய்ச்சல் தயாராக வைத்துவிட்டுப் போகிறவரை எந்த வீடும் விடாது. மாற்று ஆள் வருகிறார் என்றால், அந்த நோட்டுப் புத்தகம் அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். மருந்து, ஒவ்வாமைப் பக்கத்தை மட்டும் அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.