தலைக்குள் ஷாக், ரிப்போர்ட்டில் நார்மல்

இதை வலி என்று சொல்ல முடியாது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தலைக்குள் விர்ரென்று ஏதோ பாயும். பார்வை கணநேரம் அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், முடிந்துவிடும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போதும், தூக்கம் சொக்கும் நேரத்திலும் அதிகம் வரும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக்கூட எதுவும் தெரியாது. "டென்ஷனாக இருக்கும், விடு" என்று சொல்லிவிடுவார்கள்.

நரம்பியல் மருத்துவர் எடுத்த எடுப்பில், "மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டு நிறுத்தினீர்களா?" என்று கேட்டார். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் போன்றவை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுபவை. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பலருக்கு இதே ஷாக் வருமாம். அப்படி நிறுத்தியவர்கள் தாமாக எதையும் செய்யாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்; அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் வழி. நான் அந்த வகை மாத்திரை எதையும் தொட்டதில்லை.

அடுத்து, தலையைக் குனிந்து மோவாயை நெஞ்சோடு சேர்க்கச் சொன்னார். அப்போது ஷாக் முதுகு வழியாக இறங்கினால் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். வைட்டமின் பி12 குறைபாட்டிலும் அப்படி வரும். எனக்கு இறங்கவில்லை. பிடரிக்கு மேலே, மண்டையோட்டின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அங்கிருந்து உச்சிக்கு ஏறும் நரம்பு உறுத்தப்பட்டால் சுரீரென்று பாயும். அதுவும் இல்லை.

எம்.ஆர்.ஐ. வெறும் இரைச்சல், அதோடு சரி. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.தான் பொறுமையைச் சோதித்தது. முடியை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார்கள், கண்முன்னே விளக்கை மினுக்கினார்கள். ஒரே ஒரு ஷாக்காவது வந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மெக்கானிக்கின் முன்னால் மட்டும் சமர்த்தாக ஓடும் வண்டியைப் போல என் தலை அமைதியாகக் கிடந்தது.

எல்லாம் நார்மல். வீட்டில் நிம்மதி, எனக்கோ எரிச்சல். பெயரில்லாத தொல்லையை யாரிடம் போய்ச் சொல்வது?

உருப்படியாகப் பயன்பட்டது ஒரு சிறு நோட்டுதான். எப்போது வந்தது, அப்போது கண் எங்கே திரும்பியது, முந்தைய இரவு எப்படித் தூங்கினேன் என்று குறித்துவந்தேன். தூக்கம் கெட்ட மறுநாள்களில் வரிகள் நெருக்கமாக இருந்தன. மருத்துவர் அதைப் பக்கம் பக்கமாகப் படித்தார். நரம்புவலி மாத்திரைகள் சோர்வையும் கிறுகிறுப்பையும் கொண்டுவரும், வேலை கெடாதவரை வேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

இப்போதும் வருகிறது, முன்பைவிடக் குறைவாக. நோட்டோடு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இடையில் ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அதை நோட்டின் முதல் பக்கத்தில், வீட்டிலுள்ளவர்கள் கண்ணில் படும்படி பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன்.